ஒரு மாதம், வெறும் த்ரில்லர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மாதம் முழுக்க த்ரில்லர், சஸ்பென்ஸ் நாவல்களை மட்டும் படித்தேன். ஆறு புத்தகம் முடித்தேன், இரண்டைப் பாதியில் விட்டேன். யாரும் போட்டி வைக்கவில்லை, பரிசும் இல்லை, சும்மா ஆசைக்குத்தான். விஷயம் தெரிந்தவர்கள் விதவிதமாகக் கேள்வி கேட்டார்கள். கேட்ட நேரத்தில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். எந்த நாவலின் முடிவையும் இதில் போட்டு உடைக்கவில்லை. ஒரே ஒரு நாவல் விதிவிலக்கு. அதன் முடிவைச் சரித்திரமே சொல்லிவிட்டது.

எதற்கு ஒரு மாதம் முழுக்க ஒரே வகை? மாற்றி மாற்றிப் படித்தால் ஆகாதா?

ஆகும். மற்ற பதினோரு மாதமும் அப்படித்தான் படிக்கிறேன். ஆனால் ஒரே வகையை அடுத்தடுத்துப் படிக்கும்போது, கதையோடு சேர்ந்து கதை கட்டப்பட்ட விதமும் கண்ணில் பட ஆரம்பிக்கிறது. முதல் புத்தகத்தில் ஏமாறுகிறோம், அவ்வளவுதான். நாலாவது புத்தகத்தில் ஏமாந்ததும், எந்தப் பக்கத்தில் நம்மை ஏமாற்றினார்கள் என்று திரும்பிப் போய்த் தேடுகிறோம். அந்தத் தேடல் தனி சுகம்.

இன்னொரு காரணத்தையும் மறைக்க வேண்டியதில்லை. எனக்குப் படிக்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. கனமான புத்தகம் எதையாவது திறப்பேன், பத்தாவது பக்கத்தில் கை தானாகக் கைப்பேசியைத் தேடும். விட்ட பழக்கத்தைத் திரும்பப் பிடிக்க, பக்கத்தைத் தானே புரட்டவைக்கும் புத்தகம்தான் தோது.

மர்மம், த்ரில்லர், சஸ்பென்ஸ், திகில் எல்லாம் ஒன்றுதானே?

அட்டையில் ஒன்றுதான். உள்ளே வேறு வேறு.

மர்ம நாவலில் குற்றம் நடந்து முடிந்துவிட்டது. யார், ஏன், எப்படி என்று பின்னோக்கிப் போகிறோம். த்ரில்லரில் ஆபத்து இனிமேல்தான் வரப்போகிறது. அது வந்து சேருமுன் தடுத்துவிட முடியுமா என்று கூடவே ஓடுகிறோம். திகில் கதைக்குப் பயம்தான் நோக்கம், அதில் விடை கிடைக்காமல் போனாலும் பாதகமில்லை. சஸ்பென்ஸ் என்பது தனி வகையே இல்லை என்பது என் கட்சி. அது எந்தக் கதைக்குள்ளும் வந்து உட்காரக்கூடிய ஒரு தவிப்பு.

இதை சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன மாதிரி யாரும் சொன்னதில்லை. 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் அவர் ஓர் உதாரணம் சொன்னார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. இப்போது அதே காட்சியில், குண்டு அங்கே இருப்பதும் அது எப்போது வெடிக்கும் என்பதும் பார்ப்பவருக்கு முதலிலேயே தெரிகிறது. மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை, அவர்கள் பாட்டுக்கு அரட்டை அடிக்கிறார்கள். இப்போது கிடைப்பது பதினைந்து நிமிடத் தவிப்பு. பேச்சு அதே பேச்சுதான்.

சஸ்பென்ஸ் என்றால் விஷயத்தை மறைத்து வைப்பது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் சரி. பல நேரம் அது விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு நம்மைக் காக்கவைப்பது. இந்த ஒரு மாதத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நம் மொழியில் இதற்கு ஓர் எதிர் உதாரணம் எல்லோருக்கும் தெரியும். அனுமன் திரும்பி வந்து ராமனிடம் 'சீதையை' என்று தொடங்கவில்லை, 'கண்டேன்' என்று தொடங்கினான். கேட்பவன் ஒரு கணம்கூடத் தவிக்கக்கூடாது என்பதற்காக வினைச்சொல்லை முன்னால் கொண்டுவந்துவிட்டான். த்ரில்லர் எழுதுகிறவர் இதையே தலைகீழாகச் செய்கிறார், நாமும் போய்த் தவித்துவிட்டு வருகிறோம்.

ஒரு மாதத்தில் எத்தனை புத்தகம் படிக்கலாம்?

உங்கள் வேகத்தைப் பொறுத்தது. ஒரு சாயங்காலம் இருபது நிமிடம் படித்து, எத்தனை பக்கம் ஆனது என்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பக்கம் என்றால் மணிக்கு முப்பது. தினமும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்குத் தொள்ளாயிரம் பக்கம், அதாவது முந்நூறு பக்க நாவல் மூன்று. எனக்கு ஆறு முடிந்ததற்குக் காரணம் வேகம் இல்லை. அந்த மாதம் தினமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கிடைத்தது.

மாதம் பதினைந்து, இருபது என்று இலக்கு வைக்காதீர்கள். இலக்கு வைத்தால் தவிப்பு நாவலில் இருக்காது, நாட்காட்டியில் இருக்கும்.

எதில் ஆரம்பிப்பது? வரிசை ஏதாவது உண்டா?

கட்டாய வரிசை கிடையாது. ஆனால் ஒரே சாயலில் இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். உளவு நாவல் ஒன்று, அப்புறம் ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கிற மனோவியல் கதை, அப்புறம் ஒரு நீதிமன்றக் கதை, அப்புறம் ஒரு துரத்தல் கதை என்று மாற்றிப்போட்டால் மூச்சு வாங்காது.

பழையவற்றில் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் பூட்டிய அறையில் கொலை என்ற புதிரை எட்கர் ஆலன் போ 1841-லேயே எழுதிவிட்டார். அதைப் படித்துவிட்டு இன்றைய பூட்டிய அறைக் கதைகளைப் படித்தால் கொடிவழி பார்க்கிற மாதிரி இருக்கும். வெளியே போக வழியில்லாத தீவில் பத்துப் பேர் என்ற அமைப்பை அகதா கிறிஸ்டி 1939-ல் ஒரு கை பார்த்துவிட்டார். பனியில் சிக்கிய விடுதி, நடுக்கடலில் கப்பல், மலை உச்சி பங்களா என்று இன்றைக்கு வருகிறவற்றில் பாதி அதன் பேரப்பிள்ளைகள்.

துரத்தல் கதை வேண்டுமென்றால் ஜான் பக்கன் 1915-ல் வெளியிட்ட 'முப்பத்தொன்பது படிகள்'. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது எழுதியது. நடக்கவே வாய்ப்பில்லாத சம்பவங்கள், ஆனால் நடக்கவே முடியாது என்ற கோட்டைத் தாண்டிவிடாத சம்பவங்கள், இப்படி ஒரு கதை எழுத ஆசைப்பட்டதாக அவரே புத்தகத்தின் தொடக்கத்தில் குறிப்பிடுகிறார். இன்றைய த்ரில்லருக்கும் இந்த இலக்கணமே போதும்.

முதல் புத்தகம் மட்டும் சின்னதாக இருக்கட்டும். அறுநூறு பக்கத்தில் ஆரம்பித்தால் இரண்டாவது வாரத்திலும் அதே புத்தகம்தான் கையில் இருக்கும்.

அடுத்தடுத்துப் படித்தால் சலிக்காதா?

சலிக்கும். எனக்குப் பன்னிரண்டாம் நாள் சலித்தது.

எல்லாப் புத்தகத்திலும் அதே ஆட்களே வருவதுபோலத் தெரிய ஆரம்பித்தது. குடிப்பழக்கம் உள்ள, மனைவியைப் பிரிந்த போலீஸ்காரர். நடந்ததை முழுசாக நினைவுபடுத்த முடியாத பெண். ரொம்ப நல்லவராக இருக்கும் டாக்டர், அதனாலேயே சந்தேகப்பட வேண்டிய டாக்டர். கைப்பேசியில் சரியான நேரத்தில் சார்ஜ் தீர்ந்துபோகிறது. அவசரமாகப் பேச வேண்டியவர் 'நேரில் சொல்கிறேன்' என்று வைத்துவிடுகிறார், நேரில் போனால் பிணம். இந்த 'நேரில் சொல்கிறேன்' மட்டும் என் ஆறு புத்தகங்களில் நான்கில் வந்தது. போனிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நாலு பேர் பிழைத்திருப்பார்கள்.

மருந்து என்னவென்றால், விடை முதலிலேயே தெரிந்த நாவல் ஒன்றை நடுவில் செருகுவது. யார் செய்தார் என்ற கேள்வியே இல்லாத கதைகள் உண்டு. ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் சில கதைகளில் குற்றவாளி யார், எப்படிச் செய்தார் என்று முதல் பாதியிலேயே காட்டிவிடுவார், துப்பறிபவர் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதுதான் மீதி. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) இன்னும் ஒரு படி மேலே. கோடரி யார் கையில் இருந்தது என்பது ஆரம்பத்திலேயே நமக்குத் தெரியும். விசாரணை அதிகாரி சுற்றிச் சுற்றிப் பேசும்போது நம் உள்ளங்கைதான் வேர்க்கிறது. கொலைகாரன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நினைக்கும்போதுதான் நாம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைக்கிறது.

பாதியிலேயே கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுகிறேன். அப்புறம் எதற்குப் படிப்பது?

எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? துப்புகளைக் கோத்துக் கண்டுபிடித்திருந்தால் சபாஷ், அதுதான் ஆட்டமே. 'இவர்மேல் யாருக்கும் சந்தேகம் வராது, அதனால் இவர்தான்' என்று கண்டுபிடித்திருந்தால் அது துப்பறிதல் இல்லை, எழுத்தாளரின் பழக்கத்தைப் படித்துவிட்டீர்கள்.

துப்பறியும் கதை வாசகரோடு ஆடும் நேர்மையான ஆட்டமாக இருக்கவேண்டும் என்று ஒரு காலத்தில் சட்டமே போட்டார்கள். ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், அவரும் மர்ம நாவல் எழுதியவர், 1929-ல் பத்து விதி வகுத்தார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்திருக்க வேண்டும். அமானுஷ்ய சக்தி வந்து தீர்த்துவைக்கக் கூடாது. ஒன்றுக்கு மேல் ரகசிய வழி கூடாது. துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது. துப்பறிபவர் கண்ட துப்பை வாசகருக்கும் காட்டிவிட வேண்டும். இரட்டையர்களை முன்னறிவிப்பில்லாமல் இறக்கக் கூடாது. நல்ல எழுத்தாளர்கள் இவற்றில் ஒவ்வொன்றையும் எப்போதாவது மீறியிருக்கிறார்கள், மீறினதில் சில அருமையான நாவல்கள். எவை என்று சொன்னால் முடிவைச் சொன்ன மாதிரி ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

நான் செய்தது இது: புத்தகத்தின் சரிபாதியில் நிறுத்தி, ஒரு துண்டுச் சீட்டில் என் ஊகத்தையும் காரணத்தையும் எழுதி, கடைசி அட்டைக்குள் வைத்துவிடுவேன். காரணம் எழுதுவது முக்கியம். ஆறில் இரண்டு முறை ஆள் சரியாக இருந்தது. காரணம் ஒருமுறைகூடச் சரியாக இல்லை.

கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடலாமா?

பாருங்கள், உங்கள் புத்தகம். எனக்கு இதில் முன்பு இருந்த கோபம் இப்போது இல்லை.

2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். சிறுகதைகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். சிலருக்கு முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மர்மக் கதையில்கூட, முடிவு தெரிந்து படித்தவர்கள் கதையைச் சற்று அதிகமாகவே ரசித்திருந்தார்கள். உடனே குதிக்க வேண்டாம். 2015-ல் வந்த இன்னோர் ஆய்வில் முடிவு நேர்மாறாக இருந்தது. தவிர, சில பக்கச் சிறுகதையில் நடப்பது நாலு நாள் கூடவே வாழ்ந்த நாவலிலும் நடக்கும் என்று சொல்ல முடியாது.

எனக்கு ஆய்வைவிட ஒரு நாவல்தான் பெரிய சாட்சி. ஃபிரெடெரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் தி ஜேக்கல்' 1971-ல் வந்தது. பிரான்ஸ் அதிபர் டி காலைக் கொல்ல ஒரு கூலிக் கொலையாளியை ஏற்பாடு செய்கிறார்கள். கதை நடப்பது 1963-ல். டி கால் 1970 நவம்பரில் தன் வீட்டில் இயற்கையாக இறந்தார் என்பது புத்தகத்தை வாங்கிய ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆக, கொலை முயற்சி தோற்கும் என்று முதல் பக்கத்துக்கு முன்னாலேயே தெரியும். இருந்தும் அந்த ஆள் போலிப் பாஸ்போர்ட் வாங்கும்போதும், துப்பாக்கியை முலாம்பழத்தில் சுட்டுப் பார்க்கும்போதும் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஜெயிப்பானா என்ற கேள்வியை எடுத்துவிட்டால், எப்படி, எவ்வளவு கிட்டத்தில் வருவான் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அது அசல் கேள்வியைவிடப் பெரிதாக வளர்ந்துவிடுகிறது.

யாரோ முடிவைச் சொல்லிவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில், நாற்பதாம் பக்கத்தை ஒட்டி ஒரு தோட்டக்காரர் வருகிறார். பெயருக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் 'இவனைக் கவனி' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அழித்துவிட்டு மேலே படித்தேன், ஆனால் மனசிலிருந்து அழிக்க முடியுமா? அந்த ஆள் மண்வெட்டியைத் தூக்கினால் பயம். குழந்தையிடம் பூ கொடுத்தால் அதைவிடப் பயம். எல்லோரும் அவரை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போது புத்தகத்துக்குள் போய்க் கத்தலாம் போல இருந்தது.

கடைசியில் அந்தத் தோட்டக்காரர் ஒரு பாவமும் அறியாதவர். எழுதியவர் விளையாடியிருக்கிறார், அல்லது நாற்பதாம் பக்கத்தில் அவருக்கு வந்த தப்பான ஊகத்தை எழுதிவைத்திருக்கிறார். அந்த மாதம் படித்ததில் எனக்கு அதிகம் வேர்த்தது அந்தப் புத்தகத்துக்குத்தான். நாவலாசிரியருக்கு அதில் பாதிப் பெருமைதான் சேரும்.

இரவில் ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. தூக்கம் போய்விடுகிறது.

அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தப் பார்க்கிறீர்கள், அதுதான் தப்பு. த்ரில்லரில் அத்தியாயம் முடிவது உங்களை நிறுத்துவதற்காக இல்லை. கதவு தட்டப்படும், பெட்டி திறக்கும், 'உள்ளே அவன் கண்டது...' என்று முடியும். இது தொடர்கதைக் காலத்துப் பழக்கம். வில்கி காலின்ஸின் 'வெள்ளை உடுத்திய பெண்' 1859, 60-ல் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் வந்தது. வாரம் முழுக்க வாசகர் காத்திருக்க வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு வாரமும் ஒரு கொக்கி. தாமஸ் ஹார்டி இன்னும் பச்சையாக, 1873-ல் முடிந்த ஒரு தொடர்கதையில் நாயகர்களில் ஒருவரை நிஜமாகவே செங்குத்துப் பாறையில் தொங்கவிட்டார். நாம் 'தொடரும்' என்ற ஒரு சொல்லைப் பார்த்துப் பல்லைக் கடித்து வளர்ந்தவர்கள்தானே, புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அத்தியாயத்தின் நடுவில் நிறுத்துங்கள். போன அத்தியாயத்தின் கொக்கி கழன்று, அடுத்த கொக்கி இன்னும் மாட்டாத இரண்டு மூன்று பக்கம் ஒவ்வொரு அத்தியாயத்திலும் இருக்கும். யாராவது காரில் போய்க்கொண்டிருப்பார்கள், மழையைப் பற்றி இரண்டு வரி வரும். அங்கே மூடிவைத்தால் தூக்கம் வரும். கடைசி எண்பது பக்கத்தை மட்டும் ராத்திரியில் தொடவே கூடாது. விடுமுறை நாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வன்முறை தாங்க முடியவில்லை. எனக்கு இந்த வகை ஒத்துவராதோ?

ஒரு துளி ரத்தம் இல்லாத சஸ்பென்ஸ் நாவல்கள் நிறைய உண்டு. காணாமல்போன உயில், பொய்யான அடையாளம், வீட்டில் யாரோ பொய் சொல்கிறார்கள் என்ற உணர்வு, இவையே போதும். அதேபோல் குழந்தைகளுக்கு நேரும் கொடுமையை விவரிக்கும் புத்தகங்களை நான் தொடுவதில்லை. பாதியில் விட்ட இரண்டில் ஒன்று அந்தக் காரணத்தால்தான். தாங்கிப் படித்தால் விருது ஒன்றும் தரமாட்டார்கள்.

பெயர்கள் குழம்புகின்றன, முக்கியமாக மொழிபெயர்ப்புகளில்.

ஓர் அட்டையில் பெயரும் உறவும் எழுதிப் பக்கக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்யக் கதையில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வரும், ஸ்காண்டினேவியக் கதையில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் ஒன்றுபோலத் தெரியும். எல்லாம் நாற்பது பக்கம் வரைதான்.

பாதியில் விடலாமா?

தாராளமாக. ஐம்பது பக்கத்தில் யாருக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை என்று தோன்றினால் மூடிவிடுங்கள்.

ஒலிநூலாகக் கேட்டால் கணக்கில் சேருமா?

சேரும். ஆனால் துப்பு தேடும் மர்மக் கதைக்கு ஒலிநூல் அவ்வளவாக ஒத்துவரவில்லை, திரும்பிப் போய் அந்த வரியைப் பார்க்க முடியாது. துரத்தல் கதைக்குப் பிரமாதம். நல்ல குரலாக இருந்தால் அவசரத்தில் வரிகளைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது.

இதெல்லாம் இலக்கியமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் பெரியப்பா மகன். என் புத்தகங்களில் ஒன்றை வாங்கிக்கொண்டு போய் இன்னும் திருப்பித் தரவில்லை.

சரி, பதில். ஆங்கில நாவலாசிரியர் கிரகாம் கிரீன் தன் புத்தகங்களையே நாவல், பொழுதுபோக்கு என்று இரண்டாகப் பிரித்துவைத்தார். பிற்காலத்தில் அந்தப் பிரிவை அவரே கைவிட்டார். அவ்வளவு பெரிய கைக்கே அந்தக் கோட்டை நேராகப் போட முடியவில்லை என்றால் நான் எங்கே போட? மோசமான த்ரில்லர்கள் ஏராளம். மோசமான தீவிர நாவல்களும் அப்படியே, அவற்றை யாரும் நள்ளிரவு வரை படிப்பதில்லை என்பதால் வெளியே தெரிவதில்லை.

மாதம் முடிந்ததும் என்ன படித்தீர்கள்?

அமைதியான ஒரு குடும்ப நாவல். கொலை இல்லை, போலீஸ் இல்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பெண்மணி வந்த கடிதத்தைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுகிறார். பழக்க தோஷத்தில் துண்டுச் சீட்டை எடுத்துக் குறித்துவைத்தேன். கல்யாணம் நடந்தது, பேரன் பிறந்தான், வீட்டை விற்றார்கள், மேசையை வண்டியில் ஏற்றினார்கள். இருநூறு பக்கம் நான் அந்த இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை யாரும் அதைத் திறக்கவில்லை.